பதினேழாம் எண்ணின் பதினொரு கையெழுத்து

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் அவருக்குப் புள்ளிக்காரர் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவருடைய மனைவியே ஒரு நாள் தொலைபேசியில், "புள்ளிக்காரர் வீட்ல இல்லீங்க" என்று சொல்லிவிட்ட பிறகு, அதை மாற்ற ஒருவரும் மெனக்கெடவில்லை. மாவட்டத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டு தொடக்கப் பள்ளிகளில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அவர்கள் நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறார்கள், எத்தனை பேருடைய குடும்பம் வேலை தேடி ஊர் ஊராகப் போகிறது என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். இருபத்திரண்டு வருஷமாக ஒரு பொய் எண்கூடத் தன் மேசையைத் தாண்டி மேலே போனதில்லை என்பது அவருடைய பெருமை. அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. ஒரு கல்வியாண்டு முழுக்க ஒரே பள்ளியில் தொடர்ந்து படித்த பிள்ளைகள் இருபது பேருக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பள்ளியை மூடிப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட வேண்டும். மூட வேண்டிய பள்ளிகளின் பட்டியலைப் போடும் வேலை புள்ளிக்காரர் தலையில் விழுந்தது. அவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பதிவேடுகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாவட்டத்தின் கடைக்கோடியில், செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருந்தது. முப்பத்தேழு பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். அதன் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது. சூளையை ஒட்டிய பள்ளி என்றால் எண்கள் கன்னாபின்னாவென்று ஏறி இறங்க வேண்டும். இங்கே நாலரை வருஷமாக முப்பத்தேழு, முப்பத்தேழு, முப்பத்தேழு. எண்களோடு குடும்பம் நடத்துகிறவருக்கு ஒன்று தெரியும்: உண்மையான எண் கொஞ்சம் ஆடும். அசையாமல் நிற்கும் எண்ணைக் கண்டால் யாரோ பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

அதிலும் ஐந்தாம் வகுப்பில் இருந்த பதினேழாம் எண் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாள்முதல் நாலரை வருஷத்தில் ஒன்பதே நாள் விடுப்பு. புள்ளிக்காரருடைய சொந்த மகள் ஒரே வருஷத்தில் பதினைந்து நாள் வயிற்றுவலி என்று படுத்தவள். அதோடு இந்தப் பதினேழு ஒரு தேர்வில் நிமிடத்துக்கு அறுபது சொல் வாசிக்கும். நாலு மாதம் கழித்து இருபதுக்கு இறங்கும். அடுத்த தேர்வில் எழுபதுக்குப் போய் நிற்கும். படித்ததை மறந்துவிட்டு மறுபடி படித்துக்கொள்ளும் பிள்ளையை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அதிகாரி அம்மாவுக்கு விடுப்புக் கணக்கு மட்டும்தான் கண்ணில் பட்டது. "இந்தப் பிள்ளைக்கு ஒரு பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து மேல அனுப்பலாமே. நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்க."

"பார்த்துட்டு வரேன் மேடம்" என்றார் புள்ளிக்காரர். பதினேழாம் எண்ணின் பதினான்கு விடைத்தாள்களையும் பையில் வைத்துக்கொண்டார். அவற்றில் பதினொரு விதமான கையெழுத்து இருப்பதை அவர் ஏற்கெனவே எண்ணிவிட்டார். தேர்வு நாளில் யார் யாரையோ உட்கார வைத்து எழுதச் சொல்கிறார்கள். கையும் களவுமாகப் பிடித்து, பள்ளியைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டியதுதான். அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

பேருந்து நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முதலில் சூளையின் புகைபோக்கி தெரிந்தது, பிறகு தொழிலாளர் வீடுகளின் வரிசை, கடைசியில் பள்ளி. நீளமான ஒரே அறை. நடுவில் தடுப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஓர் ஆணி, ஆணிக்கு மேல் ஓர் எண், ஆணியில் ஒரு துணிப்பை. தலைமையாசிரியை ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர். வந்தவர் யாரென்று தெரிந்ததும் அவர் பதறவும் இல்லை, குழையவும் இல்லை. நாற்காலியில் இருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிவிட்டு, "உட்காருங்க சார்" என்றார்.

"பதினேழாம் எண் யாரும்மா?"

ஜன்னலோர பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். எண்ணெய் பார்க்காத தலை, முழங்கை வரை செம்மண். இடது கையில் பென்சில். புள்ளிக்காரர் பையிலிருந்து கடைசி விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. சரி, இது இவளுடையதுதான்.

"இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்து எவ்வளவு நாளாச்சு பாப்பா?"

"நாலு மாசம் சார்."

"அதுக்கு முன்னாடி?"

"கல்குவாரியில இருந்தோம். அங்க பள்ளிக்கூடம் போகல."

புள்ளிக்காரர் மற்ற பதின்மூன்று தாள்களையும் மேசைமேல் பரப்பினார். பெரிய டீச்சர் அவற்றைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்துபோனதுதான் வேடிக்கை.

"அடடே, இதெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்களா சார்? இதோ, இவன்தான் முதல் பதினேழு. இது அவனுக்கு அடுத்தவ. இவ எழுத்தைப் பாருங்க, முத்து மாதிரி. இது மூணாவது, ரெட்டைப் பிறவியில ஒருத்தன்…" ஒவ்வொரு தாளாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"அப்போ பதினேழுங்கிறது ஒரு பிள்ளை இல்ல?"

"இல்லையே சார். பதினொரு பிள்ளைங்க."

திருடியவர் இப்படியா திருட்டுப் பொருளைக் கொஞ்சுவார்? புள்ளிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "பதிவேட்டுல ஒரே பேர்தானே இருக்கு?"

"உங்க ஆபீஸ் உத்தரவுதான். பழைய பள்ளிக்கூடத்து டி.சி. இல்லாம புதுப் பேர் ஏத்தக்கூடாது. சூளைக்கு வர்றவங்க எங்க சார் டி.சி. வாங்கிட்டு வர்றாங்க? விடியக்காலையில லாரி ஏறுற ஜனம். பதினாலு தடவை எழுதிக் கேட்டேன், பதிலே வரல. அதுக்காகப் பிள்ளையை வெளிய நிறுத்த முடியுமா? போன பிள்ளையோட நம்பரை வந்த பிள்ளைக்குக் கொடுத்துட்டேன்."

அந்த உத்தரவில் கீழே கையெழுத்துப் போட்டது யார் என்று புள்ளிக்காரருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. அவர் பேச்சை மாற்றினார்.

"ஒன்பது நாள் விடுப்பு எப்படி?"

"சூளைக்காரர் வீட்டை ஒரு நாள் காலியா விடமாட்டார் சார். ஒரு குடும்பம் போனா மறுநாளே இன்னொண்ணு வந்திறங்கும். அதோட, நாலு மாசம்தான் இருப்போம்னு தெரிஞ்ச பிள்ளை ஒரு நாளைக்கூட வீணாக்காது."

எல்லாம் சரி, அறுபது சொல் வாசித்த இருக்கைக்கு எழுத்தே தெரியாத பிள்ளை வந்தால், நாலு மாதத்தில் எழுபது எப்படி வரும்? அதை அவர் கேட்க வாயெடுத்தபோது வெளியே லாரி வந்து நின்றது. சாமான் மூட்டைகளுக்கு நடுவே இரண்டு குடும்பங்கள் உட்கார்ந்திருந்தன. ஓர் ஆள் வாசலில் வந்து நின்று, "டீச்சரம்மா, கிளம்பச் சொல்லிட்டாங்க. மறுபடி குவாரிக்குத்தான்" என்றார். பதினேழின் அப்பா. சூளையில் தீ போடுகிறவர், புருவம்கூடக் கருகியிருந்தது.

சிறுமி அழவில்லை. ஆணியிலிருந்து பையை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தாள். பக்கத்தில் இருந்த பதினெட்டாம் எண், வாயாடி என்று பெயரெடுத்தவள், பேச்சை நிறுத்திவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். அறை முழுக்க அடங்கியது.

"பாடம் எங்க நிக்குது?" என்று கேட்டாள் பதினெட்டு.

"தமிழ் முப்பத்தொண்ணாம் பக்கம், கிணறு வெட்டுற கதை. கணக்குல பின்னம், கூட்டல் வரைக்கும்."

"எது இன்னும் வேகல?"

"ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு வரைக்கும் வெந்துடுச்சு, ஏழொன்பது வேகல. அப்புறம் பெரிய ற-வும் சின்ன ர-வும். வாசிக்கும்போது வரும், எழுதும்போது வேகாது."

"எதை விட்டுடக்கூடாது?"

சிறுமி கொஞ்சம் யோசித்தாள். "தினமும் சத்தமா ஒரு பக்கம். வாய்க்குள்ள வாசிச்சா நின்னுபோயிடும். வர்ற பிள்ளைக்கு எழுத்தே தெரியலைன்னா, பையில முதல் பையன் செஞ்ச அட்டை இருக்கு, அதுலேருந்து ஆரம்பி. திட்டாதே."

"நான் எப்போ திட்டினேன்?"

"என்னைத் திட்டினே."

அறை சிரித்தது. பெரிய டீச்சர் புள்ளிக்காரர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "இது நான் சொல்லிக்கொடுத்ததில்ல சார். சூளையில தீ அறை அறையா நகரும், அணையவே விடமாட்டாங்க. தீ போடுறவர் வேலை முடிஞ்சாலும் அடுத்த ஆள்கிட்ட ஒப்படைக்காம கீழ இறங்க மாட்டார். தீ எங்க நிக்குது, எந்த அறை வேகல, எதை விட்டுடக்கூடாது. மூணே கேள்வி. அப்பாக்கள் கேக்குறதைப் பார்த்து இதுங்களே பிடிச்சுக்கிச்சு. அடுத்த பிள்ளை வந்திருந்தா அதுகிட்டயே சொல்லும். வரலைன்னா பெஞ்சுல பக்கத்துல இருக்கிறவ வாங்கி வச்சுப்பா."

வெளியே லாரிக்காரன் பொறுமை இழந்து கதவைத் தட்டினான். வாசலில் நின்ற அப்பா திரும்பிப் பார்த்தார். "இருய்யா, ஒப்படைப்பு நடக்குது" என்றார். அவ்வளவுதான். லாரிக்காரன் இன்ஜினை நிறுத்தினான். சாமான் மூட்டைமேல் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி பின்னக் கணக்கில் ஒரு படியை இன்னொருத்திக்குச் செய்துகாட்டி முடிக்கும்வரை ஒரு லாரியும் இரண்டு குடும்பங்களும் வெயிலில் காத்துக்கொண்டிருந்தன.

புள்ளிக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து பள்ளிக்கூடங்களை எண்ணியவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பெரிய கோயிலுக்குள் முதல் தடவை நுழைந்த ஆள்போல வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

லாரி போன பிறகு அவர் தன் வேலையைக் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. "வருஷம் பூரா இங்கேயே இருந்த பிள்ளைங்க எத்தனை பேர் டீச்சர்?"

"ஒன்பது. கடைக்காரர் பிள்ளைங்க, காவல்காரர் பிள்ளைங்க, ரெண்டு விவசாயக் குடும்பம். உள்ளதைச் சொல்றதுக்கு என்ன சார்." பெரிய டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "மூடிட்டா அடுத்த பள்ளிக்கூடம் பதினாலு கிலோமீட்டர். நாலு மாசம் இருக்கப்போற பிள்ளையை அவ்வளவு தூரம் யாரும் அனுப்ப மாட்டாங்க. இந்த ஒன்பது எங்கயாவது போய்ச் சேர்ந்துடும். சூளைப் பிள்ளைங்கதான்…" முடிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, இப்போது போனவளின் வரியையும் எழுதிவிட்டுக் கொடுத்தார். "போனவங்க நோட்டு. யார் பேரு, எந்த நம்பர், என்னைக்குப் போனாங்க, எங்க போனாங்க, பாடம் எங்க நின்னுச்சு, எல்லாம் இருக்கு. ஒன்பதுங்கிறது சரியான்னு நீங்களே பார்த்துக்கோங்க. நோட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க."

திரும்பி வந்து நாலு நாள் புள்ளிக்காரர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மனைவி இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பட்டியலின் வரைவில் அந்தப் பள்ளிக்கு நேரே ஒன்பது என்று எழுதியிருந்தார். பொய் எழுத அவர் கை போகாது. உண்மையை மேலே அனுப்பவும் மனம் வரவில்லை. திங்கட்கிழமை பட்டியல் போயாக வேண்டும்.

வெள்ளிக்கிழமை, புதிதாக வந்த பிள்ளைகளின் விவரத்தாள்கள் வழக்கம்போல மேசைக்கு வந்தன. அவரும் வழக்கம்போலச் சிவப்புப் பேனாவை எடுத்தார். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். பொருந்தாத எண்களை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'பிழை' என்று எழுதுவது. குவாரிப் பள்ளி ஒன்று. பிள்ளைகளின் சராசரி, நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொல். அதில் புதிதாக வந்த ஒரு சிறுமி, டி.சி. இல்லாததால் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை, குடும்பம் ஊர் ஊராகப் போகிறது, வாசிப்பு அறுபத்து நாலு சொல். இதெல்லாம் நடக்கிற காரியமா, யாரோ எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள். பேனா தானாகவே அந்த வரிமேல் இறங்கியது.

பாதிக் கோட்டில் கை நின்றுவிட்டது.

அவர் பெயரைப் பார்த்தார். நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அதே பெயர். அதே குவாரி. லாரியில் போன பதினேழு.

எழுந்து போய், பழைய விவரத்தாள் கட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கினார். நாலரை வருஷத்துக் கட்டுகள். அவற்றில் எங்கெல்லாம் சிவப்புக் கோடு இருந்ததோ அங்கெல்லாம் விரலை வைத்து, அந்தப் பெயரை நோட்டில் தேடினார். கிடைத்தது. அடுத்ததும் கிடைத்தது. பழத்தோட்டத்துப் பள்ளியில் ஒரு பையன், 'பிழை'. நோட்டில் அவன் நாலாம் எண். அணைக்கட்டுப் பள்ளியில் அக்கா தங்கை, இரண்டு 'பிழை'. நோட்டில் இருபத்தொன்றும் முப்பதும். முத்துப்போல எழுதினவள் இன்னொரு மூலையில் இருந்த பள்ளியில் முதல் மாணவி. அவளுக்கும் அவர் கையால் ஒரு சிவப்புக் கோடு. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அடிக்கப்படாமல் தப்பிய வரிகளையும் தேடினார். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு பள்ளிகள் ஆகிவிட்டன. மாவட்டத்தின் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த ஒற்றை அறையிலிருந்து போன பிள்ளை ஒன்று உட்கார்ந்து சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது.

அந்தத் தாள்களை வைத்துத்தான் அவர் ஒவ்வோர் ஆண்டறிக்கையிலும் ஒரு வாக்கியம் எழுதி வந்தார்: இடம்பெயரும் குடும்பங்களின் பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கியே இருக்கிறார்கள். நன்றாக வாசித்தவர்களையெல்லாம் அடித்துவிட்டு, மீதியை எண்ணி எழுதிய வாக்கியம். அவருக்கு வெட்கம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. அதற்கு அவரிடம் எண் இல்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு தாள்களோடு அதிகாரி அம்மாவின் அறைக்குப் போனார். முதல் தாளில் ஒன்பது என்று இருந்தது. அதை அவர் மாற்றவில்லை. இரண்டாம் தாளில் பெயர்கள், எண்கள், இப்போது படிக்கும் பள்ளிகள், வாசிக்கும் சொற்கள்.

அதிகாரி அம்மா முதலில் மேலோட்டமாகப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே காத்திருந்த கோப்புக்காரரைக் கையசைத்து அனுப்பிவிட்டார்.

"பரிசு கொடுக்கலாம்னு சொன்னோமே, அந்தப் பிள்ளை?"

"பதினொரு பிள்ளைங்க மேடம். எட்டுப் பேரைக் கண்டுபிடிச்சுட்டேன்."

"ஆக, இந்தப் பள்ளியில எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு நான் எழுதுறது?"

"உட்கார இடம் முப்பத்தேழு பேருக்கு. வருஷம் பூரா இருக்கிறது ஒன்பது. நாலரை வருஷத்துல படிச்சுட்டுப் போனது இருநூத்து நாப்பத்தாறு. அதுல நம்ம மாவட்டத்துல இப்போ இருக்கிறது நூத்து அறுபத்து மூணு பேர், மிச்சப் பேர் எல்லை தாண்டிப் போயிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு நம்ம மாவட்டத்துலயே பெரிய தொடக்கப் பள்ளி இதுதான்."

உத்தரவின் கடைசி வரியில், தக்க காரணம் எழுதினால் விலக்கு அளிக்கலாம் என்று இருந்தது. அதிகாரி அம்மா பேனாவை எடுத்து, பட்டியலிலிருந்து அந்தப் பள்ளியை அடித்தார். காரணம் என்ற இடத்தில் 'இணைப்பைக் காண்க' என்று எழுதி, இரண்டாம் தாளைச் சேர்த்துக் குத்தி, கையெழுத்துப் போட்டார். டி.சி. உத்தரவையும் எடுத்துவரச் சொன்னார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

"நூத்து அறுபத்து மூணு பேர். இத்தனை வருஷத்துல ஒரு பிள்ளைகூடவா உங்க கண்ணுல படல?"

"பட்டாங்க மேடம்" என்றார் புள்ளிக்காரர். "எல்லாரும் பட்டாங்க. நான்தான் பிழைன்னு எழுதி அடிச்சுட்டேன்."